காஷ்மீரத்துத் திராட்சைக் கொடி

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடிக்குச் செல்லும் சாலையில் உள்ளது திருவரங்குளம். அரதீர்த்தேசுவரர் கோயிலும், பொன் காய்த்த பனையைப் பற்றிய பழங்கதையும் உடைய ஊர். அந்தப் பக்கத்துச் செம்மண் மேடுகளை அறிந்தவர்களிடம் போய் முந்திரி என்றால் என்ன என்று விளக்கப் புகுந்தால் நகைப்பார்கள். அங்கே பிறந்த குழந்தைக்கும் முந்திரி மரம் தெரியும். அதன் பழத்தின் துவர்ப்பும், கொட்டை சுடும் மணமும் தெரியும்.

ஆயினும் பழந்தமிழில் முந்திரி, முந்திரிகை என்றால் அந்த மரமன்று, திராட்சைக் கொடி. போர்த்துக்கேசியர் 16-ம் நூற்றாண்டில் பிரேஸில் தேசத்திலிருந்து புதிய மரம் ஒன்றைக் கொண்டு வந்து நம் கடற்கரைகளில் நட்டனர். பழத்தின் வெளியே கொட்டை தொங்கும் அந்த விந்தை மரத்துக்குக் கொட்டை முந்திரி என்று நம்மவர் பெயர் வைத்தார்கள். நாளடைவில் கொட்டை என்ற அடைமொழி உதிர்ந்தது. வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட, பழைய வீட்டுக்காரனாகிய திராட்சை, கொடிமுந்திரி என்று தன்னை விளக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. யாழ்ப்பாணத்துத் தமிழர் மட்டும் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களுக்குத் திராட்சை முந்திரிகைதான். (நம் பாட்டனார் காலத்துக் கணக்கில் முந்திரி என்பது 320-ல் ஒரு பங்கு. அதற்கும் இந்தப் பழங்களுக்கும் சம்பந்தம் தேட நாம் புகவில்லை.)

பெயர் நம்மிடம் இருந்தது. பழம் அவ்வளவாக இல்லை. பாண்டியன் நன்மாறன் யவனர் கொண்டுவந்த மதுவை அருந்தியதைப் புறநானூறு கூறுகிறது. புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் 1945-ம் வருஷம் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வில், மேல்நாட்டு மது வந்த இருகாதுச் சாடிகளின் ஓடுகள் அகப்பட்டன. தமிழகத்துக்குத் திராட்சையின் ரஸம் கப்பலில் வந்தது. பாரத பூமியில் அக்கொடி தானாகவே தழைத்துப் படர்ந்த இடத்தைக் காண வேண்டுமானால் நேரே வடக்கே போய்ப் பனிமலைகளின் அடிவாரத்தில் நிற்க வேண்டும். அந்த இடம் காஷ்மீரம்.

இது பழைய உறவு. காபூலுக்கு வடக்கேயிருந்த காபிசி நகரத்துத் திராட்சையைப் பாணினி அறிந்திருந்தார். அந்நாட்டுத் திராட்சை மதுவைக் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் குறிப்பிடுகிறது. சீன யாத்திரிகர் யுவான் சுவாங், இந்தியாவின் கனிகளைப் பற்றிச் சொல்லுமிடத்தில் பேரி, பீச், வாதுமைப்பழம், திராட்சை ஆகியவற்றைக் காஷ்மீரத்தோடு சேர்த்தே பேசுகிறார். 12-ம் நூற்றாண்டில் ராஜதரங்கிணி எழுதிய கல்ஹணர் தம் நாட்டின் பெருமைகளை எண்ணும்போது கல்வியையும் குங்குமப்பூவையும் சொல்லி, அவற்றுக்குச் சமமான வரிசையில் திராட்சையையும் உட்கார வைக்கிறார். லலிதாதித்தன் கட்டிய மார்த்தாண்டர் கோயிலைப் பற்றிக் கூறுகையிலும், அதனைச் சார்ந்த நகரத்தின் திராட்சை வளத்தை அவர் மறக்கவில்லை. நாம் திராட்சை என்று சொல்லும் அதே வடசொல்தான் காஷ்மீரிகளின் நாவில் தேய்ந்து ‘தச்’ என்று நிற்கிறது.

*

குளிர் நாட்டில் இக்கொடி எப்படிப் பிழைக்கிறது என்று நேயர்கள் கேட்கலாம். ஸ்ரீநகர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் 21-ந் தேதி தொடங்கி நாற்பது நாட்களை அங்கே ‘சில்லா-இ-கலான்’, அதாவது பெருங்குளிர் என்பார்கள். குழாயில் தண்ணீர் உறையும். சில வருஷங்களில் தால் ஏரியின் மேலேயே பனிக்கட்டி பாவிவிடும். அப்பொழுது திராட்சைக் கொடியைப் பார்த்தால் பட்ட விறகென்றே தோன்றும். இலையில்லை, தளிரில்லை. ஆனால் அது சாகவில்லை, உறங்குகிறது. உறங்கும் கொடி கடுங்குளிரையும் பொறுத்துக்கொள்ளும். அதற்கு ஆபத்து மார்கழியில் அன்று, பங்குனி சித்திரையில்தான். விழித்துத் துளிர்விட்ட பிறகு ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தாலும் போதும், அவ்வருஷத்து விளைச்சல் கருகிவிடும்.

இங்கேதான் மலைச்சரிவின் உபகாரம் தெரிகிறது. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது தண்ணீரைப்போலவே சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகையால் பள்ளத்து வயலில் உறைபனி விழும் இரவிலும் சரிவின் நடுப்பாகம் தப்பிவிடுகிறது. தெற்கு நோக்கிய சரிவாயிருந்தால் தாழ்ந்து வரும் வடநாட்டுச் சூரியனின் கிரணங்கள் அதன்மேல் நேராக விழும். மழைநீரும் வேரில் நில்லாமல் ஓடிவிடும். அடியில் ஏரியோ ஆறோ இருந்தால் பகலில் வாங்கிய வெப்பத்தை அது இரவில் மெல்லத் திருப்பிக் கொடுக்கும். தால் ஏரிக்கும் அதன் கிழக்கே எழும் ஸபர்வன் மலைக்கும் இடைப்பட்ட சாரலில் இச்சௌகரியங்களில் பல அமைந்திருக்கின்றன. முகலாயர் ஷாலிமார், நிஷாத் பூங்காவனங்களை அமைத்ததும் அந்த ஏரிக்கரையில்தான்.

ஜெர்மனியில் ரைன் நதியின் வலக்கரையில் யோஹானிஸ்பெர்க் என்று ஒரு குன்று இருக்கிறது. பூமியின் 50-வது அட்சரேகை அத்தோட்டத்தின் வழியாகவே செல்கிறது. ஸ்ரீநகரோ 34-வது பாகையில் இருப்பது. அவ்வளவு வடக்கே திராட்சை விளையும் என்று முதலில் யாருக்குத் தோன்றிற்று? சார்லமேன் சக்கரவர்த்தி எதிர்க்கரை அரண்மனையில் இருந்து பார்க்கையில், சுற்றிலும் வெண்பனி மூடியிருக்க அந்தக் குன்றின் தென்சரிவில் மட்டும் பனி முன்னதாக உருகக் கண்டு, அங்கே கொடி நடும்படி உத்தரவிட்டார் என்பது அவ்வூர்க் கதை. கதை மெய்யோ பொய்யோ, அதற்குள் இருக்கும் விவசாய ஞானம் மெய்.

நம் கம்பம் பள்ளத்தாக்கில் விஷயம் நேர் எதிர். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பன்னீர்த் திராட்சை அங்கே உறங்குவதற்குக் குளிர்காலமே கிடையாது. கல்தூண் பந்தலில் படர்ந்த கொடியைக் கவாத்துச் செய்து, அதாவது கிளைகளை வெட்டித்தான், புதுத் துளிரை வரவழைக்கிறார்கள். வருஷம் முழுவதும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் குலை பழுத்துக்கொண்டிருக்கும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. காஷ்மீரத்துக் கொடி வருஷத்துக்கு ஒரே முறைதான் கொடுக்கும். அந்த ஒரு முறை கைதவறினால் மறுபடி நாற்பது நாள் பெருங்குளிரைக் கடந்து வர வேண்டும்.

*

காஷ்மீரத்துக் குடியானவன் பந்தல் போடவில்லை. கொடியை மரத்தில் ஏற்றினான். அக்பரின் மந்திரி அபுல் பஸல் எழுதிய அயினி அக்பரியிலேயே, அங்கே திராட்சை மிகுதியென்றும், உயர்ந்த ஜாதிகள் அரிதென்றும், கொடிகள் முசுக்கட்டை மரங்களின்மேல் ஏறிக் காய்ப்பதென்றும் காண்கிறோம். முந்நூறு வருஷத்துக்குப் பிறகு வால்டர் லாரன்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி அந்நாட்டைப் பார்க்கும்போதும் கொடிகள் மரங்களின்மேல் இருந்தன. ஆனால் பழத்தைத்தான் காணோம்.

லாரன்ஸ் 1889 முதல் 1895 வரை காஷ்மீர நிலவரித் திட்டத்தை வகுத்தவர். கிராமம் கிராமமாகத் தங்கிப் பேசியவர். அவர் 1895-ல் வெளியிட்ட நூலில் பதிந்திருக்கும் செய்தி இது: நெட்டிலிங்கத்தைப்போல் ஓங்கிய பாப்ளர் மரங்களில் பெருங்கொடிகள் எங்கும் ஏறிக் கிடக்கின்றன, அவற்றுள் பெரும்பாலானவை காட்டுக்கொடிகள், பழத்தில் ருசியில்லை. நல்ல கொடிகள் எங்கே என்று கேட்டால், அதிகாரிகளின் தொல்லை பொறுக்காமல் தாங்களே வெட்டிவிட்டதாக ஜனங்கள் சொல்கிறார்கள்.

இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். திராட்சைக் கொடி நட்ட மூன்றாம் வருஷத்தில்தான் ஒழுங்காகக் காய்க்கத் தொடங்கும். பிறகு பல பத்து ஆண்டுகள் நின்று பலன் தரும். ஆகவே நல்ல கொடியொன்று பெரும்பாலும் தகப்பன் வைத்ததாகவோ பாட்டன் வைத்ததாகவோ இருக்கும். அதன்மேல் மகனே கோடரியை வைக்கிறான் என்றால், அவன் எந்த நிலைமைக்கு வந்திருக்க வேண்டும்! நெல்லையாவது குழிவெட்டிப் புதைத்து ஒளிக்கலாம். மரத்தின் உச்சியில், ஊரார் கண் படும்படி, கறுத்துத் தொங்கும் குலையை எங்கே ஒளிப்பது? அது பழுப்பதற்கு முன்பே அதிகாரியின் சேவகன் கூடையோடு வந்து நிற்பான். பழம் அவனுக்கு, கொடியைக் காக்கும் பாடும், குறைந்தால் கேட்கும் வசவும் குடியானவனுக்கு.

1846-ல் அமிருதசரஸ் உடன்படிக்கையின்படி ஆங்கிலேயர் 75 லக்ஷம் நானக்ஷாஹி ரூபாய்க்குக் காஷ்மீரத்தைக் குலாப்சிங்குக்குக் கொடுத்துவிட்டார்கள். மலையும் ஏரியும் மக்களுமாகச் சேர்த்துக் கைமாறிய வியாபாரம் அது. கொடுத்த பணம் எங்கிருந்தேனும் திரும்ப வரவேண்டுமல்லவா? நிலவரி தானியமாகவே வசூலாயிற்று. விளைவில் பாதியும் அதற்கு மேலும் போய்விடும். வயலைக் காவல் காக்க ஷக்தார், அளந்தெடுக்கத் தராசுதார், ஷக்தார்களைக் கண்காணிக்க ஸஸாவல் என்று ஒரு பட்டாளமே கிராமத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. இத்தனை பேரும் சாப்பிட வேண்டும்.

திருவரங்குளத்தார் இதைக் கேட்டு வியக்கமாட்டார்கள் என்று நினைக்கிறோம். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அமானி என்ற முறை இருந்தது. விளைவைச் சர்க்காரும் குடியானவரும் பங்கிட்டுக்கொள்வது. கேட்பதற்கு நியாயம்போல இருக்கும். நடந்தது என்ன? கதிர் தலைகாட்டியதும் கங்காணிகள் வயலுக்கு வந்துவிடுவார்கள். உத்தரவு வரும்வரையில் விதைத்தவன் அறுக்கக்கூடாது. உத்தரவு வருவதற்குள் மழை வந்தால் நெல் முளைத்துப்போகும். அதற்காகக் கங்காணியின் கையைக் கவனிக்க வேண்டும். கங்காணிக்கு மேலிருப்பவன் கையையும் கவனிக்க வேண்டும். 1878-ல் நிர்வாகப் பொறுப்பை ஏற்ற ஸர் அ. சேஷையா சாஸ்திரியார் இம்முறையின் கேடுகளை விரித்தெழுதி, பின்னர் அதை ஒழித்துக் காசு வரியாக மாற்றினார். அவர் செய்த காரியங்களில் ஊருக்கு நடுவே வெட்டிய புதுக்குளத்தைத்தான் ஜனங்கள் அதிகமாகப் பேசுவார்கள். நம் அபிப்பிராயத்தில், அறுப்புக்கு உத்தரவு கேட்கும் வழக்கத்தை ஒழித்தது அதைவிடப் பெரிது.

உத்தரவு கேட்கும் வழக்கம் கீழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. முன் சொன்ன யோஹானிஸ்பெர்க் குன்று 1716-ல் புல்டா நகரத்து மடாதிபதியின் வசமாயிற்று. 1720-ல் அங்கே ரீஸ்லிங் என்னும் ஜாதிக் கொடியைப் பெருவாரியாக நட்டார்கள். பழம் பறிக்கலாமா என்று வருஷந்தோறும் தொலைவிலுள்ள புல்டாவுக்குக் குதிரைக்காரன் ஒருவன் மாதிரிக் குலையோடு போய் உத்தரவு வாங்கி வரவேண்டும். 1775-ல் அந்தக் குதிரைக்காரன் வெகுநாள் தாமதித்துவிட்டான். அவன் வருவதற்குள் பழத்தில் பூஞ்சணம் பிடித்துச் சுருங்கிப்போயிற்று. வேறு வழியின்றி அதையே பிழிந்தார்கள். அதிர்ஷ்டவசமாக அந்தப் பூஞ்சணம் பழத்தின் நீரை வற்றச்செய்து இனிப்பைச் செறிவாக்கும் வகையைச் சேர்ந்தது. அவ்வருஷத்து மது ஐரோப்பாவெங்கும் பெயர்பெற்றது. இன்றும் குதிரைக்காரனுக்கு அங்கே முற்றத்தில் சிலை இருக்கிறது. 1816-ல் ஆஸ்திரியச் சக்கரவர்த்தி அத்தோட்டத்தைத் தம் மந்திரி மெட்டர்னிக்குக்கு இனாமாகக் கொடுத்தபோதும், விளைவில் பத்தில் ஒரு பங்கைத் தமக்கென்று நிறுத்திக்கொண்டார். மடாதிபதியின் தாமதத்தால் ஜெர்மனிக்காரருக்கு ஒரு புதுமை கிடைத்தது. காஷ்மீரத்துக் குடியானவனுக்கு வெட்டிய கட்டை மிஞ்சிற்று.

*

குடிகளின் கொடி இப்படி மறைந்துகொண்டிருக்க, அரசருக்குத் திராட்சைத் தோட்டம் வைக்கும் ஆசை பிறந்தது. குலாப்சிங்கின் குமாரர் ரணபீரசிங் 1885 வரை ஆண்டவர். கல்வியிலும் புதிய தொழில்களிலும் பிரியமுள்ளவர். அவர் பிரான்ஸ் தேசத்தில் போர்தோ பிரதேசத்திலிருந்து கொடிகளை வரவழைத்துத் தால் ஏரிக்கரைச் சாரலில் நடுவித்தார். குப்கார் என்னுமிடத்தில் பெருஞ்செலவில் மது வடிக்கும் இயந்திரங்கள் நிறுவப்பட்டன. மேதோக், பார்ஸாக் என்று போர்தோவின் பெயர்களையே தாங்கிய மதுவகைகள் அங்கே தயாராயின. 1883-84-ல் கல்கத்தாவில் நடந்த சர்வதேசக் கண்காட்சியில் இந்திய மதுவகைகளும் வைக்கப்பட்டிருந்தன. மதுவிலக்கைப் போற்றும் வீடுகளுக்கு இது பெருமைப்படத்தக்க செய்தியன்று என்பதை அறிவோம். எனினும் பனி விழும் ஒரு மலைச்சரிவில் ஐரோப்பாவின் மிக உயர்ந்த ஜாதிக் கொடி வேர்பிடித்துக் காய்த்தது என்பது விவசாயத்தில் சிறிய காரியமன்று.

1890-ம் வருஷத்தையொட்டி அக்கொடிகளின் இலைகள் காரணமின்றி மஞ்சளித்தன. குலைகள் சுருங்கின. வேரைத் தோண்டிப் பார்த்தால் முண்டும் முடிச்சுமாக அழுகியிருந்தது. அதுதான் பிலாக்ஸெரா.

கண்ணுக்கு அரிதாகவே தெரியும் மஞ்சள் நிறப் பேன் போன்ற பூச்சி அது. அமெரிக்காக் கண்டத்துக் காட்டுக்கொடிகளின் வேரில் அது ஊழிகாலமாக வாழ்ந்து வந்தது. அந்தக் கொடிகள் கடிபட்ட இடத்தைத் தக்கைபோன்ற தோலால் மூடிக்கொள்ளப் பழகியிருந்தன. ஐரோப்பாவின் கொடிகளுக்கு அந்த வித்தை தெரியாது. 1860-களில் செடிகளோடு அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிவந்த அப்பூச்சியை 1868-ல் பிளாங்கோன் என்ற பேராசிரியர் தென் பிரான்ஸில் ஒரு தோட்டத்து வேரில் கண்டுபிடித்தார். செத்த செடியின் வேரில் அது இராது. சாகப்போகும் செடியின் வேரில்தான் இருக்கும். ஆதலால் அதுவரையில் பட்டுப்போன செடிகளைத் தோண்டிப் பார்த்தவர்களுக்கெல்லாம் அது அகப்படவில்லை. 1875-க்கும் 1889-க்கும் இடையில் பிரான்ஸின் மது உற்பத்தி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. பரிகாரம் கண்டுபிடிப்பவருக்கு 3 லக்ஷம் பிராங்கு தருவதாக அந்நாட்டுச் சர்க்கார் அறிவித்தது. அப்பரிசை ஒருவரும் வாங்கவில்லை.

பரிகாரம் என்னவோ கிடைத்தது. நோயைக் கொண்டுவந்த நாட்டிலிருந்தே மருந்தும் வந்தது. அமெரிக்கக் கொடியின் வேர்ப்பாகத்தை நட்டு அதன்மேல் ஐரோப்பியக் கொடியின் கிளையை ஒட்டுப்போட்டார்கள். வேர் பூச்சியைத் தாங்கும். கிளை பழைய பழத்தையே கொடுக்கும். நம் ஊரில் மாமரத்துக்குச் செய்யும் ஒட்டுவேலைதான். இன்று உலகத்துத் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலானவை அமெரிக்க வேரின்மேல் நிற்கின்றன. பூச்சி நகர முடியாத மணற்பாங்கான நிலங்களும், அது சென்றெட்டாத சில தேசங்களுமே விலக்கு.

தால் ஏரிச் சாரலுக்கும் அமெரிக்கக் கொடிகள் வந்து சேர்ந்தன. ஆனால் போர்தோவில் ஒட்டுப்போட்டவர்கள் சிறு தோட்டக்காரர்கள். ஒட்டுப்போடாவிட்டால் மறுவேளைச் சோற்றுக்கு வழியில்லை என்ற நிலையில் இருந்தவர்கள். குப்காரில் இருந்தது ஒரு மகாராஜாவின் ஆசை. அந்த மகாராஜாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். மது இயந்திரமும் மேதோக் மதுவும் மெல்ல மெல்லப் பேச்சிலிருந்து மறைந்தன. இன்று குப்கார் என்றால் ஸ்ரீநகரில் பெரிய மனிதர்களின் மாளிகைகள் உள்ள சாலை. 2019-ல் அங்கே கூடிய அரசியல் தலைவர்களின் பிரகடனத்தால் அப்பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. அச்சாரலில் திராட்சை இருந்ததை நினைப்பார் சிலரே.

கிழங்கோடு பிடுங்கப்படாத கொடி வேறோர் இடத்தில் துளிர்த்தது. சிந்து என்ற பெயருள்ள சிற்றாறு ஒன்று (சிந்து மகாநதி வேறு; இது ஜீலத்தில் கலப்பது) மலைவிட்டு இறங்கும் வாயிலில், குளிர்காற்று தாக்காமல் குன்றுகள் மறைத்த ஓர் ஒதுக்குப்புறம் உண்டு. அங்கே தனிப்பட்ட குடிகள் புதிதாகத் தோட்டம் போடத் துணிந்திருப்பதை லாரன்ஸே குறித்திருக்கிறார். வரி இவ்வளவுதான் என்று நிலைத்த பிறகு நடந்தது அது. கந்தர்பல் ஜில்லாவில் லார் பக்கத்தைச் சேர்ந்த ரேபோரா கிராமம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. காஷ்மீரத்தில் இப்பொழுது திராட்சைக்குப் பெயர்போன ஊர் அதுவே.

1950-ல் காஷ்மீர அரசாங்கம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் செய்து, ஒருவருக்கு 182 கனால், அதாவது 22¾ ஏக்கர், என்று உச்சவரம்பு கட்டிற்று. பழத்தோட்டங்களை மட்டும் அந்த வரம்பிலிருந்து விலக்கிவிட்டார்கள். மரம் வைத்தால் நிலம் நிற்கும் என்று கண்டவர்கள் மரம் வைத்தார்கள். வைத்ததோ பெரும்பாலும் ஆப்பிள். ஆப்பிளைப் பெட்டியில் அடைத்து டில்லிக்கும் சென்னைக்கும் அனுப்பலாம். மலைப்பாதையில் லாரி இரண்டு நாள் நின்றாலும் தாங்கும். திராட்சை தாங்காது. ரேபோராவின் சாஹிபியும் ஹுஸைனியும் திருவரங்குளத்துச் சந்தைக்கு வந்து சேராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனாலும் ரேபோராவில் கொடியை வெட்டவில்லை. தென்னாட்டுத் திராட்சையின் பெரும் பருவம் ஓய்ந்தபின், ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே குலைகள் பழுக்கின்றன. அச்சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் பழம் வெடித்துவிடும். ஆலங்கட்டி விழுந்தால் குலையே சிதறும். பறிக்கும் நாளைத் தோட்டக்காரர் வானத்தைப் பார்த்துத் தாமே தீர்மானிக்கிறார். அதிகாலையில் குடும்பத்தோடு தோட்டத்துக்குள் நுழைந்து, வெயில் ஏறுவதற்குள் கூடைகளை நிரப்பிவிடுகிறார்.